அழுக்கு எங்கே இருக்கிறது?

ஓர் ஊரில் நோய் புகுந்தால் அவ்வூரார் வாயில் இரண்டு கேள்விகள் பிறக்கின்றன. 'இஃது எதனால் வந்தது?' என்பது ஒன்று. 'இஃது எவரால் வந்தது?' என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை காண ஆண்டுகள் பல ஆகும். நுண்ணோக்கியும் பொறுமையும் வேண்டும். இரண்டாம் கேள்விக்கோ அன்று மாலைக்குள் விடை கிடைத்துவிடும். ஊரின் கடைக்கோடியில் எவர் குடியிருக்கின்றனரோ, எவருக்காகப் பேச ஆளில்லையோ, அவரே அந்த விடை. 'அவர்கள் அழுக்கர்கள், அவர்களால் வந்தது' என்று சொல்லிவிட்டால் சொன்னவர் நெஞ்சம் ஆறுதல் அடைகிறது. நோய் மட்டும் ஆறுவதில்லை.

அழுக்கு மனிதரிடத்தில் இருக்கிறதா, அன்றி அவர் வாழும் இடத்தில் இருக்கிறதா? இது சொற்போருக்கு மட்டும் உரிய வினா என்று அன்பர்கள் எண்ணிவிட வேண்டா. சாக்கடை வெட்டும் கடன் எவருடையது, அதன் செலவு எவர் தலையில் விழுவது, செத்தவனுக்காக வெட்கப்பட வேண்டியவர் எவர் என்பவை யாவும் இதற்கு நாம் கூறும் விடையைப் பொறுத்தே முடிவாகின்றன. நம் முன்னோர் வந்திறங்கிய துறைமுகம் ஒன்றின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவைச் சற்றே ஆராய விரும்புகின்றோம்.

துறைமுகத்தில் நேர்ந்தது

சுங்கை காடுட்டில் வாழும் நமக்கு அண்மையில் உள்ள துறை போர்ட்டிக்சன். சிரம்பானுக்கும் அதற்கும் இடையே 1891ஆம் ஆண்டிலேயே இரயில் பாதை அமைந்துவிட்டது. எனினும், இந்நாட்டுத் தோட்டங்களை நாடிக் கப்பலேறிய தமிழருள் மிகப் பலர் கரையிறங்கிய இடங்கள் பினாங்கும், கிள்ளான் ஆற்று முகத்தில் எழுந்த போர்ட் சுவெட்டன்ஹமும் ஆகும். 1972ஆம் ஆண்டு முதல் போர்ட் கிள்ளான் என்ற பெயரைத் தாங்கி நிற்பது பின்னதே. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தவர்கள் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் சில நாள் நிறுத்திவைக்கப்பட்டு, உடம்பில் நோயில்லை என்று கண்ட பின்னரே தோட்டங்களுக்கு விடப்பட்டனர். முகாம் வைத்தது தவறென்று நாம் சொல்லவில்லை. வாந்திபேதியும் பெரியம்மையும் கப்பலேறி வந்ததுண்டு. ஆனால், கூலி கொண்டுவரும் நோய்க்கு அஞ்சிய அளவு, கூலிக்காகக் கரையில் காத்திருந்த நோய்க்கு எவரும் அஞ்சவில்லை.

அத்துறைமுகம் திறக்கப்பட்ட நாள் 1901 செப்டம்பர் 15. கிள்ளான் பட்டினத்து ஆற்றுத்துறை வளர்ந்துவரும் வாணிபத்துக்குப் போதாமையால், கடலருகே பக்காவ் மரங்கள் அடர்ந்த சதுப்பு நிலத்தைத் திருத்தி, இரயில் பாதையை அதுவரை நீட்டி, புதுத்துறை கட்டினார்கள். கட்டியவர் கெட்டிக்காரர், கப்பல் நிற்கத் தக்க ஆழம் பார்த்தார்கள், சரக்கு ஏற்ற வசதி பார்த்தார்கள். மனிதன் படுத்துறங்கும் நிலம் எத்தகையது என்பதை மட்டும் பார்க்கவில்லை. திறந்து சில வாரங்களுக்குள்ளேயே காய்ச்சல் பரவிற்று. கூலியாட்கள் விழுந்தனர்; இரயில் சிப்பந்திகள் விழுந்தனர்; உத்தியோகஸ்தரும் விழுந்தனர். இவ்வளவு பொருள் கொட்டிக் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்னும் பேச்சே எழுந்தது.

கிள்ளான் பட்டினத்திலோ நிலைமை அதற்கு முன்னரே கெட்டிருந்தது. அங்கே 1901 ஜனவரியில் மாவட்ட வைத்தியராக வந்து சேர்ந்தவர் மால்கம் வாட்சன் என்னும் இளைஞர். அவர் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1897 ஆகஸ்ட் 20ஆம் நாள், சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்பார் கொசு ஒன்றின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டிருந்தார். அக்கண்டுபிடிப்பு அவருக்கு 1902ஆம் ஆண்டில் நோபெல் பரிசைத் தேடித் தந்தது. கிள்ளானுக்கோ அதற்கு முன்னரே உயிரைத் தேடித் தந்தது.

ராசுக்கு முன் மக்கள் என்ன எண்ணியிருந்தனர்? மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்குக் கெட்ட காற்று என்பது பொருள். சதுப்பிலிருந்தும் புதிதாய்க் கிளறிய மண்ணிலிருந்தும் எழும் நச்சாவியே காய்ச்சலுக்குக் காரணம் என்பது ஐரோப்பியர் கொள்கை. காட்டை வெட்டியதால் அங்கே உறைந்திருந்த முனி சினந்து அடிக்கிறது என்பது நம்மவர் கொள்கை. ஒன்றைப் பகுத்தறிவென்றும் மற்றொன்றை மூடத்தனமென்றும் பிரிப்பார் உளர். உண்மையில் இருவர் கண்ணும் ஒன்றையே கண்டது: காட்டை வெட்டி மண்ணைக் கிளறிய இடத்தில் காய்ச்சல் வருகிறது என்பதை. கண்டது சரி, கற்பித்த காரணம் இருவருக்கும் பிழை. முனிக்குக் கோழி அறுத்தவனும், ஆவிக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்தியவனும் ஒரே காய்ச்சலில் கிடந்தார்கள்.

வாட்சன் செய்தது யாது? மனிதரைப் பார்ப்பதை விட்டு நீரைப் பார்த்தார். பட்டினத்தைச் சூழ்ந்த சதுப்பை வடிக்கச் செய்தார். காட்டை வெட்டி வெயில் படச் செய்தார். துறைமுகத்தில் கடல்நீர் புகாதவாறு வரம்பு எழுப்பி, உள்ளே தேங்கிய நீர் ஓடக் கால்வாய் வெட்டச் செய்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்துக் காய்ச்சலால் இறந்தோர் 1901ஆம் ஆண்டில் 368 பேர். அடுத்த ஆண்டில் 59 பேர். 1903இல் 46 பேர். ஒரே ஆண்டிற்குள் ஆறில் ஒரு பங்காகச் சாவு குறைந்தது. மக்கள் மாறவில்லை, அவர்தம் உணவு மாறவில்லை, பழக்கமும் மாறவில்லை. முன்னாளில் அழுக்கராயிருந்தவர் மறுநாள் தூயவராகிவிடவும் இல்லை. மாறியது நிலம் ஒன்றே. அழுக்கு மனிதரில் இருந்ததா, இடத்தில் இருந்ததா என்ற வினாவுக்கு இதனினும் தெளிவான விடையை எந்தத் தத்துவ நூல் தரும்?

தெளிந்த நீரின் நஞ்சு

இவ்வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. இரப்பர் விலை ஏறிற்று. கடலோரத்துச் சமநிலம் போதாமல், உள்நாட்டு மேட்டு நிலங்களில் காடு அழிந்து பால்மரம் எழுந்தது. சிரம்பானைச் சூழ்ந்த நம் பகுதியும் அத்தகைய மேட்டு நிலமே. சிறுகுன்றுகளுக்கு இடையே பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்குதோறும் ஊற்று, ஊற்றெல்லாம் சேர்ந்து ஓடும் சிற்றோடை. கிள்ளானில் பலித்த வைத்தியம் இங்கும் பலிக்கும் என்று எண்ணினார்கள். காட்டை வெட்டினார்கள்; ஓடையைத் துப்புரவு செய்தார்கள்; வெயில் நன்றாய்ப் பட்டது; நீர் தெளிந்து ஓடிற்று. காய்ச்சலோ குறையாமல் கூடிற்று.

காரணம் பின்னரே புலப்பட்டது. கொசுவில் பல இனம் உண்டு. கடலோரத்தில் மக்களைக் கொன்ற அம்புரோசஸ் என்னும் இனம் நிழல் விழுந்த சதுப்பு நீரில் முட்டையிடுவது. நிழலை நீக்கினால் அது போய்விடும். மேட்டு நிலத்தின் மாக்குலேட்டஸ் என்னும் இனமோ வெயில் படும் தெளிந்த ஓடை நீரையே விரும்புவது. காடு இருந்தவரை ஓடைக்கு வெயில் இல்லை. அக்கொசுவுக்கு அங்கே இடமும் இல்லை. காட்டை வெட்டியவன் தானறியாமலே அதற்கு வீடு கட்டிக் கொடுத்தான். ஒரு துறையில் உயிர் காத்த செயலே மற்றொரு துறையில் உயிர் குடித்தது.

இங்கே அன்பர்கள் சற்று நின்று எண்ண வேண்டும். தோட்டத்தில் தமிழனைக் கொன்றது நாற்றமெடுத்த சாக்கடை நீரன்று. குனிந்து கையில் அள்ளிக் குடிக்கத் தோன்றும் பளிங்கு போன்ற ஓடை நீரில் பிறந்த கொசு. அழுக்கே நோய் என்றும், நோயாளி அழுக்கன் என்றும் பேசிவந்த வாய்களை அந்த ஓடை அடைத்துவிட்டிருக்க வேண்டும். அடைக்கவில்லை. கூலிகள் சுத்தம் அறியாதவர், சொன்னால் கேளாதவர், ஆகலின் சாகின்றனர் என்ற பேச்சு அதன் பின்னும் நெடுநாள் ஓடிற்று.

சாவின் அளவு என்ன? 1911ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் நாடுகளின் 711 தோட்டங்களில் 1,43,614 தொழிலாளர் இருந்தனர். அவ்வோராண்டில் இறந்தோர் 9,040 பேர். ஆயிரத்துக்கு ஏறத்தாழ 63 பேர். தோட்டத்துக்கு வருவோர் பெரும்பாலும் வேலைக்குத் தக்க இளவயதினர் என்பதை நினைவிற் கொண்டால் இக்கணக்கின் கொடுமை விளங்கும். துறைமுகம் காப்பாற்றப்பட்டுப் பத்து ஆண்டுகள் கழிந்த பின் உள்ள நிலை இது.

நாம் நடுநிலை பிறழக் கூடாது. மேட்டு நிலத்துக் கொசுவின் இயல்பு தொடக்கத்தில் எவர்க்கும் தெரியாது. வாட்சனே தோற்றுத் தோற்றுத்தான் கற்றார். அறியாமையால் நேர்ந்த தீங்கைத் தீங்கு என்னலாம். குற்றம் என்று கூறுதல் நேர்மையாகாது. ஆயினும் நாளடைவில் வழியும் தெரிந்துவிட்டது. ஊற்று நீரை நிலத்தடியில் குழாய் புதைத்து வெயில் படாமல் ஓடவிடலாம். அது இயலாத இடத்தில் வாரந்தோறும் ஓடையில் எண்ணெய் தெளிக்கலாம். இரண்டுக்கும் வேண்டியது பணமும் ஆளுமே. அன்று முதல் 'தெரியாது' என்ற சொல் செல்லாக்காசாயிற்று. செய்த தோட்டங்கள் பிழைத்தன. செய்யாத தோட்டங்களில் பாடை சென்றுகொண்டே இருந்தது.

அறிவு ஒரு செல்வம் என்கிறோம். அறிவு ஒரு கடனும் ஆகும். ஒரு தீங்கின் காரணம் தெரியாத வரையில் அதைக் கண்டு அழுவது ஒன்றே நம்மால் ஆவது. தெரிந்த கணத்தில் அத்தீங்கு இயற்கையின் கணக்கிலிருந்து மனிதனின் கணக்குக்கு மாறிவிடுகிறது. இடம் எவர் கையில் இருக்கிறதோ, அவர் பேரிலேயே அது பற்று எழுதப்படும்.

எண்ணப்பட்ட நாள்கள்

துறைமுகம் ஓராண்டில் தேறியது ஏன்? தோட்டம் பல்லாண்டு தேறாமல் கிடந்தது ஏன்? கொசுவின் இனவேறுபாடு ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டோம். மற்றொரு காரணத்தைக் கணக்கேட்டிலே காணலாம்.

கிள்ளானில் செய்த வேலையின் பயனைக் காட்ட வாட்சன் தந்த கணக்குகளுள் ஒன்று அரசாங்க உத்தியோகஸ்தரின் நோய்விடுப்பைப் பற்றியது. 1901ஆம் ஆண்டில் மலேரியாவுக்காக வழங்கிய விடுப்புச் சீட்டுகள் 236. விடுப்பு நாள்கள் 1,026. 1905ஆம் ஆண்டில் சீட்டுகள் 4, நாள்கள் 30. அழகான கணக்கு. உத்தியோகஸ்தன் ஒருநாள் படுத்தால் அந்நாளுக்குச் சம்பளம் போகிறது, வேலை நிற்கிறது, கப்பல் காத்துக் கிடக்கிறது. ஆகவே அவன் நோய்க்கு விலை உண்டு, விலை உள்ளதை எண்ணினார்கள், எண்ணியதைக் குறைத்தார்கள். தோட்டத்துத் தினக்கூலி படுத்தால் அவனுக்குக் கூலியில்லை, அவ்வளவே. அவன் இறந்தால் நாகப்பட்டினத்திலிருந்து அடுத்த கப்பல் வரும். இழந்தவர்க்குச் செலவில்லாத இழப்பு கணக்கில் ஏறுவதில்லை.

வாட்சனும் அவர் வழி வந்தோரும் முதலாளிகளிடம் வாதாடியபோது அறத்தின் பேரால் மட்டும் வாதாடவில்லை. நோயாளியால் வரும் நட்டம் இத்தனை, குழாய் புதைக்கும் செலவு இத்தனை, பின்னதே குறைவு என்று ஒட்டிக்காட்ட வேண்டியிருந்தது. கேட்டவர் காதுக்கு ஏற்ற மொழியில் பேசி உயிர் காத்தவரை நாம் குறை சொல்லோம். ஆனால், அம்மொழியில் ஓர் ஆபத்து உண்டு. உயிரைக் காப்பது இலாபம் என்பதால் காக்கிறவன், காப்பது நட்டம் என்று கணக்கு மாறும் நாளில் கைவிட்டுவிடுவான். ஆகலின் கணக்கு துணையாகலாம், அடிப்படையாகாது. அடிப்படை வேறு: ஒருவனை நம் நிலத்தில், நாம் கட்டிய வீட்டில், நம் வேலைக்காகத் தங்கவைத்தால், அந்நிலமும் நீரும் அவனைக் கொல்லாதவாறு பார்த்துக்கொள்ளும் கடன், அவனை அழைத்த அன்றே நம்மேல் ஏறிவிடுகிறது.

'அப்படியானால் தனிமனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? கண்ட இடத்தில் மலங்கழிப்பதும், எச்சில் துப்புவதும், கைகழுவாமல் உண்பதும் எவர் குற்றம்?' என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்வியே. கொக்கிப்புழுவும் வாந்திபேதியும் மனிதப் பழக்கத்தின் வழியாகவும் பரவுவன. இதற்குக் கடல் கடந்த வேறொரு துறைமுகத்தின் கதை விடை தரும்.

ஜெர்மனி நாட்டில் எல்ப் ஆற்றங்கரையில் ஹாம்பர்க் என்னும் பெருந்துறைமுகம் உள்ளது. அதனை ஒட்டி அல்டோனா என்னும் பட்டினம் அந்நாளில் தனி ஆட்சியில் இருந்தது. இரண்டும் குடித்தது ஒரே ஆற்று நீர். அல்டோனா அந்நீரை மணலில் வடிகட்டிக் கொடுத்தது. ஹாம்பர்க்கோ வடிகட்டாமலே கொடுத்தது. வடிகட்டும் வேலையைச் செலவுக்கு அஞ்சிப் பல்லாண்டு தள்ளிவைத்திருந்தது. 1892ஆம் ஆண்டில் வாந்திபேதி வந்தது. ஹாம்பர்க்கில் ஏறத்தாழ 8,600 பேர் மாண்டனர். அல்டோனா பெரும்பாலும் தப்பிற்று. இரண்டு ஊருக்கும் எல்லையான தெருவிலே ஒரு பக்கத்து வீடுகளில் நோய். எதிர்ப்பக்கத்து வீடுகளில் நோயில்லை. இரு பக்கத்தாரும் ஒரே இனம், ஒரே மொழி, ஒரே பழக்கம். ஒரு பக்கத்தார் மட்டும் கைகழுவ மறந்துவிட்டனர் என்று எவரேனும் சொல்வரா? ஊரை ஆண்ட வணிகர் கப்பல் போக்குவரத்து நின்றுவிடுமென்று நோயை வெளியிடத் தயங்கியதும், அத்தயக்கத்தால் சாவு பெருகியதும் சரித்திரம்.

இதனால் தனிமனிதனின் சுத்தம் வேண்டாதது என்று ஆகாது. அஃது எங்கே தொடங்குகிறது என்பதே தெளிவாகிறது. நல்ல நீர் வரும் இடத்தில் கைகழுவாதவன் மீது குற்றம் சாட்டலாம். கழிப்பிடம் கட்டிக் கொடுத்த பின் வெளியில் செல்பவனைக் கடியலாம். குழாயில் நீர் வராத லயத்தின் சுவரில் 'கைகழுவுக' என்று எழுதி ஒட்டுவது போதனையாகாது; கேலியாகும். இடம் இடந்தரும் எல்லையிலேதான் தனிமனிதன் கடமை தொடங்குகிறது.

தீட்டும் அழுக்கும்

இதுவரை வெள்ளையரையும் முதலாளிகளையும் பேசினோம். படிக்கும் அன்பர்களுக்கு இது இனிதாகவும் இருந்திருக்கும். இனி நம்மைப் பற்றிப் பேசுவது முறை.

அழுக்கை மனிதனுக்குள் வைத்துப் பார்க்கும் வழக்கத்தை நாம் வெள்ளையரிடம் கற்கவில்லை. அது நம்மிடம் அவர் வருவதற்கு முன்பே இருந்தது. அதற்குத் தீட்டு என்று பெயர். அழுக்கு வேறு, தீட்டு வேறு. அழுக்கு கையில் ஒட்டும், கழுவினால் போகும். தீட்டு பிறவியில் ஒட்டும். கழுவினாலும் போகாது என்பது அக்கொள்கை. தெருவை அழுக்காக்குபவன் உயர்ந்தவன், அதைத் துடைப்பவன் தீண்டத்தகாதவன் என்று சொல்லும் துணிவு உலகில் வேறெந்தக் கொள்கைக்கு வந்தது? இந்நாட்டுப் பட்டினங்களில் சுகாதார போர்டுகள் அமைந்தபோது, சாக்கடை தள்ளவும் மலவாளி சுமக்கவும் போனவர்களுள் நம்மவரிலே ஒடுக்கப்பட்ட வகுப்பார் பலர். பட்டினம் பிழைத்தது அவர்தம் உழைப்பால். அவர்க்கு நாம் கொடுத்த பட்டமோ ஒரு வசைச்சொல். அவர் பிள்ளைக்குக் குவளையில் நீர் கொடுக்கவும் நம் வீடுகளில் பலர் தயங்கினர்.

'அழுக்குக் கூலி' என்று துரை சொன்னபோது நமக்குச் சினம் வந்தது, வரவேண்டியதே. அதே சொல்லை நாம் நம்மவன் மீது வீசியபோது அது ஆசாரம் எனப்பட்டது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. அழுக்கை மனிதனுக்குள் வைத்துவிட்டால் இடத்தைத் திருத்தும் வேலை மிச்சமாகிறது. அதனாலேயே அக்கொள்கை எக்காலத்தும் வலியோர்க்கு வசதியாக இருந்துவருகிறது.

இதைப் பிறர்க்குச் சொல்லும் தகுதி நமக்கு முழுதும் உண்டென்று சொல்ல இயலாது. சில ஆண்டுகளுக்கு முன், நாம் கிராணியாக இருந்த தோட்டத்தில் டெங்கிக் காய்ச்சல் வந்தது. தொழிலாளர் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும். 'குடியிருப்பைச் சுத்தமாக வைக்காதவர்க்கு அபராதம்' என்று மலாயில் ஓர் அறிவிப்பைத் தட்டெழுதி, வங்காள மொழியிலும் எழுதச் செய்து, லயத்துச் சுவரில் ஒட்டியவர் நாமே. மறுவாரம் சுகாதார அதிகாரிகள் வந்து பார்த்தனர். லயத்தருகே கிடந்த பழைய டயர் ஒன்றில் சில புழுக்கள் இருந்தன. மிகுதியாக இருந்தது எங்கே? நம் ஆபீசின் கூரைத் தூம்பில் இலை அடைத்துத் தேங்கிய மழைநீரிலும், நம் மேசையருகே அழகுக்கு வைத்திருந்த பூந்தொட்டியின் அடித்தட்டிலும். ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. தேங்கிய தெளிநீரையே நாடுகிறது. நூறாண்டுக்கு முந்திய ஓடை நம் மேசையடியில் இருந்தது.

தூம்பு அடைத்திருக்கிறது என்று கூட்டிப் பெருக்கும் தொழிலாளி ஒருவர் ஒரு மாதத்திற்கு முன்பே சொல்லியிருந்தார். நாம் 'சரி' என்று சொன்னோம், குறித்துக்கொள்ளவில்லை. அன்று மாலை அறிவிப்பைச் சுவரிலிருந்து ஓசையின்றி எடுத்துவிட்டோம். நமக்கு அபராதம் போடுவார் எவருமில்லை. காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குச் சென்ற இளைஞர் ஒன்பது நாள் கழித்துப் பெரட்டுக்கு வந்தார். அவர் பெயருக்கு நேரே ஒன்பது கட்டங்களில் 'நோய்' என்று நாம் எழுதியிருந்தோம். எவ்விடத்து நீரால் வந்த நோய் என்று எழுத அவ்வேட்டில் கட்டமில்லை.

மனிதரிடையே பரவும் பழைய மலேரியா 2018ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் உள்ளூரில் தோன்றியதாகப் பதிவில்லை. குரங்கிலிருந்து வரும் வகையே எஞ்சியிருக்கிறது. தோட்டங்களிலும் பால்மரம் போய்ப் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. லயத்தில் நம்மவர் இருந்த இடத்தில் வேற்றுநாட்டார் இருக்கின்றனர். ஆயினும் கதை மாறவில்லை. 2020ஆம் ஆண்டு நவம்பரில் கொரோனா பெருந்தொற்று அதே கிள்ளான் பகுதியில் கையுறை ஆலைத் தொழிலாளரிடையே வெடித்தது. உலகின் கைகளைத் தூய்மையாக வைக்க உறை செய்து கொடுத்தவர்கள், தாம் நெருக்கியடித்துப் படுத்த விடுதிகளில் நோயுற்றனர். தொழிலாளர் குடியிருப்பைப் பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தொடக்கத்தில் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்குமே உரியதாயிருந்தது. 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்டே மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்ததும் 2020இல்தான். விடுதியைக் கட்டியவன் எவன், அதில் ஓர் அறைக்கு இத்தனை பேர் என்று முடிவு செய்தவன் எவன் என்று நம்முள் எத்தனை பேர் கேட்டோம்? 'இந்த அந்நியர்களுக்குச் சுத்தமே தெரியாது' என்று தேநீர்க் கடையில் சொன்னவர்களுள் தமிழர் குரலும் இருந்தது. தம் பாட்டனைப் பற்றிச் சொல்லப்பட்ட சொல்லையே தாம் திருப்பிச் சொல்கிறோம் என்பது அவர்க்குத் தோன்றவில்லை.

வசையை வாங்கிய கூட்டம் அதை வழிவழியாகச் சேர்த்துவைத்து, அடுத்து வருபவனிடம் ஒப்படைத்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறது. பட்ட துன்பம் மனிதனை நல்லவனாக்கும் என்பார்கள். அது தானாக நடப்பதில்லை; நினைத்துப் பார்த்தால்தான் நடக்கும்.

முடிவு

ஆதலால் நாம் வேண்டிக்கொள்வது இவ்வளவே. ஊரிலோ தோட்டத்திலோ நோய் வந்தால், மனிதனைச் சுட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம். நோய் பிறந்த இடம் எது? அவ்விடத்தைத் திருத்தும் அதிகாரம் எவர் கையில் உள்ளது? அவருக்கு அது தெரிந்தது எப்போது? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னும் தனிமனிதன் மீது குற்றம் எஞ்சுமாயின் அதனைத் தாராளமாகச் சொல்லலாம். பெரும்பாலும் எஞ்சாது என்பதே கிள்ளானும், ஹாம்பர்க்கும், நம் ஆபீஸ் தூம்பும் கற்பிக்கும் பாடம்.

கிள்ளான் சதுப்பை வடித்த கால்வாய்களை வெட்டச் சொன்னவர் வாட்சன். பணம் கொடுத்தது அரசாங்கம். இடுப்பளவு சேற்றில் இறங்கி மண்வெட்டி பிடித்த கைகளுள் தமிழர் கைகளும் இருந்தன. அக்கைகளுக்குரியோர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் அழுக்கர் என்று சொல்லப்பட்டவர். ஓர் ஊரின் அழுக்கைத் துடைத்தவரும் அவரே. அவர்க்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி, இன்று நம் லயங்களில் படுத்திருக்கும் வேற்றுநாட்டான் ஒருவன் 'தூம்பு அடைத்திருக்கிறது' என்று சொல்லும்போது, கையிலுள்ள வேலையை நிறுத்தி, அதனைக் குறித்துக்கொண்டு, அன்றே ஏணி எடுத்துவரச் செய்வதாகும்.